பழைய மணல்

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர்களுக்கு உலகத்தைப் பற்றித் தனியாக ஒரு கருத்து இருக்கும்போல. மேலே போகிற கூண்டுக்கு எதிராகக் கீழே இறங்குகிற எடைக்கட்டு ஒன்று இருந்தால்தான் எதுவும் ஓடும் என்பார் இவர். கல்யாணப் பேச்சாகட்டும், சம்பளத் தகராறாகட்டும், மருமகனின் தொப்பையாகட்டும், எதை எடுத்தாலும் கடைசியில் "எல்லாம் பேலன்ஸ்தாங்க" என்று கொண்டுபோய் முடிப்பார். கூட வேலை பார்த்தவர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவருக்கே பேலன்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே வந்து தலைகாட்டிவிட்டுப் போகும்.

அவர் வீட்டு முன்னறையில் இருந்த கண்ணாடித் தொட்டியும் வேலைக்குப் போன இடத்தில் கிடைத்ததுதான். ஒரு பல் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டுக் கிளம்பும்போது, லிஃப்ட் பார்க்கப் போன இவரிடம், "எடுத்துட்டுப் போறீங்களா? இல்லேன்னா உடைச்சுப் போட்டுடுவேன்" என்றார். யாராவது எதையாவது உடைக்கிறேன் என்று சொன்னால் பேலன்ஸுக்குத் தாங்காது. கடல் மீன், கடல் கல், கடல் மணல், உப்புத் தண்ணீர் நிரம்பிய ட்ரம்கள் எல்லாவற்றையும் ஒரு வண்டியில் போட்டுக்கொண்டு வந்து மூன்றாவது மாடி வீட்டில் இறக்கினார். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"மனுசங்களுக்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி வருது. இதுல மீனுக்குக் கடல் கேக்குதா?"

"கோச்சுக்காத. ஒரு மாசம் வெச்சுப் பாப்போம்."

அந்த ஒரு மாதம் பல வருஷமாக நீண்டது. மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதிக்கு இன்சார்ஜ். ஆள் உயர மெஷின்களையும், வட்டக் கண்ணாடிக்கு உள்ளே சுழலும் படுக்கை விரிப்புகளையும், பேச்சுக்குப் பேச்சு சிரிக்கும் பெண்கள் கூட்டத்தையும் கட்டி மேய்த்தவள். ஒரு தொட்டி எம்மாத்திரம்? கண்ணாடியைத் துடைப்பது, உப்புக் கரைப்பது, தீனி போடுவது எல்லாம் தானாக அவள் கைக்குப் போய்விட்டது. பேலன்ஸ் தண்ணீர் தூக்கும் ஆளாக மட்டும் மிஞ்சினார்.

தொட்டியில் ஒரு மஞ்சள் மீன் இருந்தது, சங்கைச் சுமந்து திரியும் நண்டுகள் இருந்தன. ஆனால் ராஜா என்னவோ விரல் நீளத்தில் இருந்த கோமாளி மீன்தான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. காலையிலிருந்து ராத்திரி வரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வரும், பார்க்கும், ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போகும். "எங்க ஆஸ்பத்திரி மேனேஜர் மாதிரியே இருக்கு" என்று ஒருநாள் அவள் சொன்னாள். அன்றிலிருந்து அது மேனேஜர். சலவைப் பகுதியில் மேனேஜர் தலை தெரிந்தால் அவள் பெண்களுக்கு அடிக்குரலில் ஒரு எச்சரிக்கை கொடுப்பாளாம்: "மேனேஜர் வந்துட்டாரு, எல்லாரும் கையை வேகமா ஓட்டுங்க." மீன் கண்ணாடிப் பக்கம் வரும்போதெல்லாம் வீட்டிலும் அதையே சொல்வாள். மகள் அந்தச் சிரிப்பிலேயே வளர்ந்து, கல்யாணம் கட்டிக்கொண்டு ஊரின் இன்னொரு மூலைக்குப் போனாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் அடுப்பில் வைத்த பால், அப்புறம் மகளின் பெயர். டாக்டர் ஒருமுறை பேலன்ஸைக் காட்டி, "இவர் யாரும்மா?" என்று கேட்டார்.

"லிஃப்ட் பாக்க வந்தவரு. நல்ல மனுசன். கூப்பிட்டா உடனே வந்துடுவாரு."

டாக்டரின் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பேலன்ஸும் சேர்ந்து சிரித்துவிட்டு, வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். லிஃப்டில் இறங்க அவருக்கு அன்றைக்கு மனம் வரவில்லை.

ஆனால் மீனை மட்டும் அவள் மறக்கவில்லை. காலையில் நாற்காலியில் உட்கார வைத்தால் போதும், கண்ணாடியைப் பார்த்து அதே எச்சரிக்கை, அதே அடிக்குரல். கட்டிய புருஷனைத் தெரியவில்லை, பெற்ற மகளைத் தெரியவில்லை, விரல் நீள மீனைத் தெரிகிறது. பேலன்ஸுக்கு அந்த மீன் மேல் பொறாமை இருந்தது. அதைவிடப் பெரிதாக நன்றியும் இருந்தது. அவள் மனசு முழுக்க இன்னும் மூடிவிடவில்லை, ஒரு பக்கம் திறந்திருக்கிறது என்பதற்கு அவர் கையில் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

அந்த அத்தாட்சி வேண்டியிருந்த நேரமும் வந்தது. ஒருநாள் அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். தெருத் தெருவாகத் தேடினார். கடைகளில், பஸ் நிறுத்தத்தில், பார்க்கில் எல்லாம் விசாரித்தார். அவளோ அவர் கையாலேயே எண்ணெய் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த தங்கள் கட்டட லிஃப்டுக்குள்ளேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஏறி இறங்கியவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று வழிவிட்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. இந்த மாதிரி மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில்தான் போட வேண்டும்.

மகள் அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்தில் அவள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள்.

"அப்பா, அங்க இப்ப ஒரு இடம் காலியா இருக்கு. நர்ஸ் இருக்காங்க, கதவு பூட்டியிருக்கும். உங்களால முடியலப்பா. ஒத்துக்குங்க."

"அவளுக்கு இந்த வீடு தெரியுது பாப்பா. தெரிஞ்ச எடத்துல இருந்து புடுங்கிட்டுப் போகக்கூடாது."

"வீடு தெரியுதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"மீனைத் தெரியுதே. பாக்கறியா?"

நாற்காலியைத் திருப்பிப் போட்டார். மேனேஜர் வந்தது. அவளும் எச்சரிக்கை கொடுத்தாள். மகள் அம்மாவையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரிப்பா. அம்மாவுக்கு அந்த மீனைத் தெரியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்று இறங்கி வந்தாள்.

இப்படியாக ஒரு குடும்பத்தின் கதி ஒரு மீனின் தலையில் ஏறி உட்கார்ந்தது. அந்த மீனோ, இற்றுக்கொண்டிருந்த ஒரு ஸ்டாண்டின் மேல் இருந்தது.

உப்புத் தண்ணீர் சும்மா இருக்காது. தொட்டி விளிம்பில் பூத்து, கண்ணாடி வழியாக இறங்கி, இரும்பைத் தின்னும். பல் டாக்டர் காலத்து ஸ்டாண்டு அது. பெயிண்ட் உப்பி உதிர்ந்து, பின்னங்கால் ஒன்று பிஸ்கட்டைப் போலப் பொடிந்துகொண்டிருந்தது. தொட்டித் தண்ணீரின் மேல்மட்டம் ஒரு மூலையில் ஏறி நிற்பதை பேலன்ஸ் ஒருநாள் பார்த்தார். வாழ்நாளெல்லாம் எடையோடு பழகியவர். இது இன்றோ நாளையோ விழும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

வெல்டிங் பட்டறையில் புது ஸ்டாண்டுக்குச் சொன்னார். அளவு பழையதேதான், உயரமும் பழையதேதான். பெயிண்ட் காப்பி நிறத்தில் வேண்டும் என்று பழைய ஸ்டாண்டிலிருந்து உதிர்ந்த ஒரு செதிலையே கொண்டுபோய்க் காட்டினார். பட்டறைக்காரர், "கருப்பு அடிச்சா நல்லாயிருக்குமே" என்று ஆரம்பித்ததும், "நல்லாயிருக்க வேணாம், அதே மாதிரி இருந்தாப் போதும்" என்று வாயை அடைத்துவிட்டார். காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் மகள் ஆசையாக சோஃபாவுக்கு நீல உறை வாங்கிப் போட்டாள். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்றாள். "வேற யார் வீட்டுக்கோ கூட்டிட்டு வந்துட்டீங்க" என்று பொழுது சாயும்வரை அழுதாள். பழைய உறையைத் தேடிப் போட்ட பிறகுதான் வந்து உட்கார்ந்தாள். அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு டம்ளர்கூட இடம் மாறியதில்லை.

மீன் கடைக்காரரிடமும் யோசனை கேட்டார். வாயில் எப்போதும் எதையோ மென்றுகொண்டே பேசும் மனிதர்.

"கல்லைத் தொட்டித் தண்ணியிலயே முக்கி வைங்க, காய விடாதீங்க. மீனைத் தனி வாளில ஏர் பம்ப்போட வைங்க. மணலை மட்டும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடுங்க."

"பழைய மணலே இருக்கட்டுமே?"

"இத்தனை வருசம் கிளறாத மணல் அண்ணே அது. அடியில கருப்பா விஷம் ஊறிப் போயிருக்கும். சும்மா கிடக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. கிளறிட்டு மறுபடி போட்டீங்கன்னா அம்புட்டும் தண்ணியில கலந்துடும். போடவே போடாதீங்க."

கடையில் புது மணல் மூட்டையைப் பிரித்துக் காட்டினார். பளீரென்று உப்பு நிறத்தில் இருந்தது. வீட்டு மணலோ பழுப்பு ஏறி, அங்கங்கே ஊதா படிந்து, அழுக்காக இருக்கும். பேலன்ஸ் அந்த வெள்ளையைப் பார்த்தார். நீல சோஃபா உறை கண் முன்னே வந்து நின்றது. மூட்டையை வாங்காமல் திரும்பினார். விஷயம் தெரியாமல் செய்யவில்லை அவர். விஷத்துக்கு ஏதாவது வழி பண்ணிக்கொள்ளலாம், அவள் அழ ஆரம்பித்தால் அதற்கு வழியே கிடையாது என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மருமகன் அரைக்கால் சட்டையோடு தயாராக நின்றார். பேலன்ஸ் முதலில் போனை எடுத்து ஒவ்வொரு கல்லையும் நேரே, பக்கவாட்டில், மேலிருந்து என்று படம் பிடித்தார்.

"மாமா, கல்யாண ஆல்பத்துக்குக்கூட இவ்வளவு போட்டோ எடுக்கல."

"அது தப்பா வந்தாலும் யாரும் அழமாட்டாங்க மாப்பிள்ளை."

ட்யூப் போட்டுத் தண்ணீரை ட்ரம்களில் இறக்கினார்கள். கற்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பில் முக்கினார்கள். மேனேஜரை வலையில் பிடிப்பது சுலபமாக இல்லை. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு விரல் நீள மீனுக்காக முழங்கை வரை நனைந்து, ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டதுதான் மிச்சம்; கடைசியில் அதுவே அலுத்துப் போய் வலைக்குள் வந்து நின்றது.

மணலைச் சுரண்டும்போதுதான் அந்த வாடை வந்தது. மேல் மணலை ஒரு டப்பிலும் அடி மணலை இன்னொரு டப்பிலும் பிரித்தே எடுத்தார் பேலன்ஸ். மேலே இருந்தது மேலே, கீழே இருந்தது கீழே என்று திருப்பிப் போட்டால் விஷம் அதன் இடத்திலேயே அடங்கிக் கிடக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. அடி மணல் தார் போலக் கறுத்திருந்தது.

"மாமா, அழுகின முட்டை மாதிரி நாத்தம் அடிக்குதே. இதையா திருப்பிப் போடறோம்?"

"கடல்னா வாடை இருக்கத்தான் செய்யும். போடுங்க."

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெறும் தொட்டியைத் தூக்கினார்கள். புது ஸ்டாண்டின் மேல் தெர்மாகோல் ஷீட் விரித்திருந்தார், அதன் மேல் தொட்டி உட்கார்ந்தது. பேலன்ஸ் ரசமட்டத்தை நீளவாட்டில் வைத்தார், குறுக்குவாட்டில் வைத்தார். குமிழி இரண்டு முறையும் நட்ட நடுவில் நின்றது. ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை மருமகன் பார்த்ததில்லை. அப்புறம் மணல், அப்புறம் போட்டோவைப் பார்த்துப் பார்த்துக் கற்கள், அப்புறம் தண்ணீர். தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கி நின்றது. தெளிந்துவிடும் என்றார். மீன்களை விட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் மகள் அம்மாவோடு வந்தாள். அம்மா வாசலில் நிற்கவில்லை, அழவில்லை, நேரே உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பேலன்ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பாத்தியா பாப்பா? எதுவும் மாறலன்னு அவளுக்குத் தெரியுது."

"ஆமாப்பா." மகள் அவரையே பார்த்தாள். முட்டிவரை ஈரம், தலையில் மணல், கையில் இன்னும் ரசமட்டம். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன். முதல்ல குளிங்க" என்று புருஷனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவர் குளித்துவிட்டு வந்தபோது மஞ்சள் மீன் சாய்ந்து மிதந்தது. மேனேஜர் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அந்த மணலையா போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் மெல்லுவதை நிறுத்தினார். "உடனே நல்ல உப்புத் தண்ணிக்கு மாத்துங்க அண்ணே."

நல்ல உப்புத் தண்ணீர் எங்கே இருக்கிறது? இருந்ததையெல்லாம் ஒரு சொட்டு விடாமல் தொட்டியிலேயே ஊற்றியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, கடையும் கிடையாது. வாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, உப்பைக் கொட்டிக் கையாலேயே கலக்கி, கரைந்தும் கரையாததுமாக அதில் மேனேஜரை விட்டு, ஏர் பம்பைப் போட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "போயிடாதடா" என்று அதனிடம் கெஞ்சினார். வாழ்க்கையில் எந்த மேனேஜரிடமும் அவர் அப்படிக் கெஞ்சியதில்லை.

விடியும்போது அது வாளியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. தொட்டியில் நண்டுகள் சங்கை விட்டு வெளியே வந்து செத்திருந்தன. எல்லாவற்றையும் எடுத்துத் தாளில் சுற்றி, பால்கனித் தொட்டிச் செடியின் மண்ணில் புதைத்தார். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. தலைக்குள் ஒரே எண்ணம்தான் ஓடியது: அவள் பார்க்கக் கூடாது. கடை திறந்ததும் ஓடிப்போய் அதே மாதிரி ஒரு மீன், நல்ல தண்ணீர், வேண்டுமானால் வேறொரு சின்னத் தொட்டி. அதுவரைக்கும் மறைக்க வேண்டும். ஒரு படுக்கை விரிப்பை எடுத்துத் தொட்டியின் மேல் போட்டு மூடினார்.

சலவை இன்சார்ஜ் இருக்கிற வீட்டில் விரிப்பு அலங்கோலமாகத் தொங்கலாமா? அவள் எழுந்து வந்ததும் முதல் வேலையாக அதை உருவினாள். ஓரத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். முனையோடு முனை சேர்த்து, சுருக்கம் இல்லாமல் மடித்து சோஃபாவில் வைத்தாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தாள்.

பேலன்ஸ் சுவரோரம் நின்றார். அழப் போகிறாள், கேட்கப் போகிறாள், வீடு தெரியவில்லை என்று எழுந்து ஓடப் போகிறாள். எதற்கும் தயாராகத்தான் நின்றார்.

கலங்கிய தண்ணீர் ஃபில்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் உயிர் என்று எதுவும் இல்லை. அவள் கண்கள் இடமிருந்து வலமாக நகர்ந்தன, திரும்பி வந்தன. முகம் மலர்ந்தது. குனிந்து, அடிக்குரலில், "மேனேஜர் வந்துட்டாரு. எல்லாரும் கையை வேகமா ஓட்டுங்க" என்றாள்.

பேலன்ஸ் பதறிப் போய்க் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தார். ஒன்றுமில்லை.

முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். அப்பாடா, கண்டுபிடிக்கவில்லை, மகளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், வேறு மீன்கூட வாங்க வேண்டாம் என்று நினைத்தார். அந்த நினைப்பு முடிவதற்குள் அதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துத்தான் போனை எடுத்தார்.

"பாப்பா, மீன் செத்துப் போச்சு. எல்லாமே போச்சு. நான்தான் கொன்னேன்."

"ஐயோ. அம்மா அழறாங்களாப்பா?"

"இல்ல. மேனேஜர் வந்துட்டாருங்கறா. வெறும் தண்ணியப் பாத்து."

மறுமுனையில் மகள் உடைந்த குரலில் சொன்னாள். "அப்பா, நேத்து எங்க வீட்டுல வாஷிங் மெஷின் போட்டிருந்தேன். அது முன்னாடி போய் உக்காந்துக்கிட்டாங்க. உள்ள துணி சுத்துறதைப் பாத்து அதையேதான் சொன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் அங்கயிருந்து எழுந்திரிக்கல. உங்க மூஞ்சியப் பாத்ததும் எனக்குச் சொல்ல வரலப்பா."

"எத்தனை நாளா இப்படின்னு நெனைக்கற?"

"தெரியலப்பா."

அவருக்கும் தெரியவில்லை. காலையும் மாலையும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அவள் மீனைப் பார்ப்பதை நிறுத்தி எத்தனை காலமாகிறது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கமும் என்றைக்கோ மூடியிருக்கிறது. அவர் அதன் முன்னால் காவல் இருந்திருக்கிறார்.

"அந்த இடம் இன்னும் காலியா இருக்கான்னு கேளு" என்றார்.

"அப்பா, அவசரமில்ல."

"கேளு பாப்பா."

அரை மணி நேரத்தில் மகள் திரும்பக் கூப்பிட்டாள். இடம் இருக்கிறது, நாளைக்கே வரலாம். அங்கே எல்லோர் துணியும் ஒன்றாகத் துவைப்பார்களாம், அதனால் ஒவ்வொரு துணியிலும் பெயர் எழுதிக் கொண்டுவர வேண்டுமாம்.

அலமாரியிலிருந்து அவள் துணிகளை எடுத்துவந்து கட்டிலில் குவித்தார். அழியாத மை பேனாவால் ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் அவள் பெயரை எழுதினார். ஒன்றை எழுதி அவர் சுருட்டி வைப்பதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து அவர் கையிலிருந்து பிடுங்கி, உதறி, தானே மடிக்க ஆரம்பித்தாள்.

"பேர் போட்டிருக்கீங்களா? போடலேன்னா மாறிப் போயிடும் தம்பி."

"போட்டிருக்கேம்மா. பாருங்க."

கழுத்துப் பட்டியைத் திருப்பி, எழுத்து எழுத்தாகச் சேர்த்து வாசித்தாள். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அச்சான பெயர். ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யாரு இவங்க? புதுசா வந்திருக்கற பேஷண்டா?"

"ஆமாம்மா" என்றார் பேலன்ஸ். அடுத்த துணியை எடுத்து அவளிடம் நீட்டினார்.